வன்னியில் நிரலாளர் வட்டம்: பேச்சாளரும் பேசுபொருளும்

ஆண்டுதோறும் சிறுபோகம் தொடங்குவதற்கு முன்னர் கிளிநொச்சியில் ஒரு கூட்டம் கூடும். அரசாங்க அதிபர் தலைமை வகிக்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து இரணைமடுக் குளத்தில் அன்றைக்கு எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைச் சொல்ல, கமநல சேவை நிலைய உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, இவ்வாண்டு எந்த வாய்க்காலின் கீழ் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எவருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதிக்குள் விதைப்பு முடியவேண்டும் என்று வாதாடி, சில சமயம் சினந்து, ஈற்றில் ஒரு முடிவுக்கு வருவார்கள். 36 அடி கொள்ளும் குளம் நிறைந்திருந்தால் ஒரு தீர்மானம். அரைவாசிதான் நிற்கிறதென்றால் வேறு தீர்மானம். காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் விளைகின்ற அதே பரப்பு, சிறுபோகத்தில் நீர் எவ்வளவோ அவ்வளவுக்குச் சுருங்கிவிடும்.

இக்கூட்டத்தின் முறைமையில் நான் விசேஷமாகக் கருதுவது அதன் வரிசை. முதலில் நீர், பின்பு நிலம், விதைநெல்லைப் பற்றிய பேச்சு கடைசியில். நீர்மட்டம் தெரியுமுன்னர் விதைநெல் தேடி ஓடுகின்ற கமக்காரனை வன்னியில் எவரும் மதிப்பதில்லை. ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் கணினி நிரலாக்கத்தில் ஈடுபாடு கொண்ட இளைஞரும் யுவதிகளும் தமக்கென ஒரு வட்டம் அமைக்க முற்படும்போது செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறான காரியமாகவே இருக்கிறது. "ஆரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுவம்?" என்று முதலில் கேட்கிறார்கள், எதைப் பற்றி என்பது அழைக்கப்பட்டவரின் சௌகரியத்துக்கு விடப்படுகிறது. இவ்விரு கேள்விகளையும் அவற்றுக்குரிய வரிசையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம். வரிசை பிழைத்தால் வட்டம் நிலைக்காது என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய நியாயங்களைச் சொல்ல முயல்கிறேன்.

வெளியிலிருந்து ஆசான் வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் பழக்கம் இந்த மண்ணுக்குக் காரணமின்றி வந்ததன்று. ஏ-9 வீதி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் அடைபட்ட நாடு இது. பற்றறியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயிருந்த ஆண்டுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு, அறிவும் கருவியும் எப்போதும் சோதனைச் சாவடிக்கு அப்பால் இருப்பவையாகவே தோன்றியதில் வியப்பில்லை. போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிந்திய சில ஆண்டுகளில், கிளிநொச்சியில் 'வன்னிரெக்' என்று அழைக்கப்பட்ட தொழினுட்ப நிறுவனத்துக்குப் புலம்பெயர் நாடுகளிலிருந்து துறைஞர்கள் தம் சொந்த விடுமுறையைச் செலவிட்டு வந்து கற்பித்தார்கள். அது மதிக்கத்தக்க தொண்டு. அதனைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் நீண்ட பிரயாணம் செய்து வருபவரே பேசத் தகுதியுடையவர், உள்ளூரில் இருப்பவர் கேட்கத் தகுதியுடையவர் என்ற எண்ணமும் அத்தகைய அனுபவங்களோடு சேர்ந்து நம்மிடம் ஊறிவிட்டது.

இன்றைய நிலைமை வேறு. 2013இல் ரயில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. 2014இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அறிவியல் நகரில் தன் முதல் அணி மாணவரைச் சேர்த்துக்கொண்டது. விவசாய பீடமும் தொழினுட்ப பீடமும் அதே நகரில் இயங்குகின்றன. 2016இல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் அங்கேயே திறக்கப்பட்டு, தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் ஒரு துறையாகக் கற்பித்து வருகிறது. தெற்கே, 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகிய வவுனியாக் கல்விக்கூடம், 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வடக்கே யாழ்ப்பாணத்தில் 2012 முதல் யாழ் ஐ.ரி. ஹப் இளைஞருக்கான போட்டிகளையும் சந்திப்புகளையும் நடத்தி, கணினித் தொழில் கொழும்புக்கு மட்டும் உரியதன்று என்ற நம்பிக்கையை வடமாகாணத்தில் விதைத்திருக்கிறது. ஆகவே, பேசத் தெரிந்தவர் இல்லை என்ற முறைப்பாடு இன்று பொருந்தாது. அவர்கள் அனைவரும் நம்மைக் கடந்து பஸ்ஸில் போய்வருகிறார்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிற கூட்டத்தில், ஒரு விரிவுரையாளரோ ஒரு மென்பொருட் பொறியியலாளரோ இல்லாத நாள் குறைவு.

தொகையையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் பேரும், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேரும், வவுனியாவில் 1 இலட்சத்து 72 ஆயிரம் பேரும் இருந்தனர். மூன்றும் சேர்ந்தாலும் 4 இலட்சம் ஆகவில்லை; அதுவும் குளங்களுக்கும் காடுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் சனத்தொகை. கொழும்பில் ஒரு கணினி மொழிக்கு ஒரு சங்கம் என்று வைத்தாலும் ஒவ்வொன்றிலும் நாற்பது பேர் அமரக்கூடும். இங்கே அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு கொட்டிலிலும் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். பேசுபொருளைத் தெரிவுசெய்யும்போது இதுவே நம் குளத்தின் நீர்மட்டம் என்று கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரிற் கண்ட ஒரு கூட்டத்தை இங்கே சொல்லவேண்டும். மண்டபம் நிறைந்திருந்தது, மாணவர் எழுபது எண்பது பேர் இருப்பர். தலைநகரிலிருந்து வந்த பேச்சாளர், நல்லெண்ணம் கொண்டவர், படித்தவர், ஒன்றரை மணிநேரம் மேகக் கணிமையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். திரையில் வந்த படங்கள் அழகாயிருந்தன. ஆங்கிலம் பாதியும் தமிழ் பாதியுமாகச் சென்ற அந்தப் பிரசங்கத்தின் முடிவில் "கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்றபோது ஒருவரும் எழவில்லை. நன்றியுரை, பொன்னாடை, சிற்றுண்டி என்ற சம்பிரதாயங்கள் யாவும் குறைவின்றி நடந்தேறின. வெளியே வந்து மதிலோரம் நின்ற ஒரு பெண்பிள்ளை தன் தோழியிடம், தன் நிரல் தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்க மறுப்பதாகவும், இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைய கூட்டத்தில் பேசப்பட்டிருக்கவேண்டிய பொருள் அதுதான். அடுத்த மாதம் கூட்டம் நடக்கவில்லை. அந்தத் தரத்தில் இன்னொருவர் அகப்படவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

விருந்தாளியை நம்பி அமைக்கப்படும் சங்கத்துக்கு இவ்வாறுதான் ஆயுள் குறைகிறது. முதல் மாதம் பெரியவர் ஒருவர் வருகிறார். இரண்டாம் மாதம் அவருக்குச் சமமானவரைத் தேடுகிறோம். மூன்றாம் மாதம் தேடிக் களைக்கிறோம். அழைப்பவர் ஒருவரே, அவரே மண்டபம் பார்ப்பவர், அவரே பற்றுச்சீட்டுக் கட்டுபவர். அவருக்கு ஓர் அரசாங்க உத்தியோகம் வேறிடத்தில் கிடைத்த அன்றைக்கே வட்டமும் இடம்பெயர்ந்து போகிறது. கேட்க மட்டும் வந்தவர்களுக்குத் தாம் அதன் உடைமையாளர் என்ற எண்ணம் ஏற்படச் சந்தர்ப்பமே கிடைத்திருக்காது.

உலகில் இவ்விஷயத்தில் முன்னோடியாகக் கொள்ளத்தக்க கூட்டம் ஒன்று 1975 மார்ச் 5ஆம் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் பிரெஞ்ச் என்பவரின் கார்க் கொட்டகையில் கூடியது. வந்தவர்கள் முப்பது பேரளவில். பின்னாளில் ஆப்பிள் கணினியை ஆக்கிய ஸ்டீவ் வொஸ்னியாக் அவர்களுள் ஒருவர். 'ஹோம்புரூ கணினி மன்றம்' எனப் பெயர்பெற்ற அச்சங்கம் பிறகு பெரிய மண்டபத்துக்கு மாறியபோதும், நெறிப்படுத்துநராயிருந்த லீ பெல்சன்ஸ்டைன் கூட்டத்தை நடத்திய விதமே நமக்கு வேண்டிய பாடம். முதற் பகுதியில் யாரும் எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தேவைப்படுகிறது, தான் என்ன கேள்விப்பட்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்வார். யாருக்கு எதில் நாட்டம் என்பது இவ்வாறு எல்லாருக்கும் தெரியவந்த பின், அடுத்த பகுதியில் ஒருவரையொருவர் தேடிச் சென்று தத்தம் காரியத்தைப் பேசுவார்கள். அங்கே பேச்சாளர் என்றொரு தனிச் சாதி இல்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில், பிட்ஸ்பர்க் நகரில் கூடிய பேர்ல் மொழி நிரலாளர் மாநாட்டில் மார்க் ஜேசன் டொமினஸ் ஐந்தைந்து நிமிட உரைகளுக்கென ஓர் அமர்வை ஒழுங்கு செய்தார். அந்த வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரு மணிநேரம் பேச அஞ்சுகிறவர் ஐந்து நிமிடம் பேசத் துணிவார் என்பதே அதன் சூட்சுமம்.

மென்லோ பார்க் வரை போவானேன்? முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடுவதற்கு அண்ணாவியார் வெளியூரிலிருந்து நடிகரை வரவழைப்பதில்லை. வயலிலும் கடலிலும் வேலை செய்கிற பிள்ளைகளை அழைத்து, குரலைப் பார்த்து, காலைப் பார்த்து, பாத்திரம் பகிர்ந்து, மாதக்கணக்கில் பழக்கி, அரங்கேற்றத்துக்கு முன் வெள்ளுடுப்பில் ஒருமுறை ஆடவைத்துத் திருத்திய பிறகுதான் மேடையேற்றுகிறார். பேச்சாளர் 'கிடைப்பவர்' அல்லர், பழக்கப்படுபவர் என்ற ஞானம் நம் ஊர்க் களரியிலேயே இருக்கிறது. நிரலாளர் வட்டத்துக்கும் ஓர் அண்ணாவியார் வேண்டும். தாம் பேசாமல் பிறரைப் பேசவைப்பவர். முந்திய கிழமையே உரையை ஒருதரம் கேட்டு, "இந்த இடம் விளங்கேல்லை, இதை விடு, அந்தப் பிழை வந்த கதையை விரிச்சுச் சொல்லு" என்று திருத்துபவர். வட்டத்துக்குப் பெரிய பேச்சாளர் ஒருவர் வாய்ப்பதைக் காட்டிலும் இப்படியொருவர் வாய்ப்பது பெரும் பாக்கியம் என்பேன்.

அவ்விதமாயின் பேசத்தக்கவர் யார்? கடந்த மாதத்தில் ஒரு காரியத்தைச் செய்து பார்த்து, அதில் இடறி, அந்த இடறலைத் தீர்த்தவர் அல்லது தீர்க்கமுடியாமல் நிற்பவர் எவரும் பேசத்தக்கவரே. க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை, பாடத்திட்டத்திலுள்ள பைதன் மொழியை மின்சாரம் நின்று நின்று வருகிற ஆய்வுகூடத்தில் எவ்விதம் செய்துகாட்டுகிறார் என்பதே அரைமணிநேர உரைக்குப் போதிய பொருள். பிரதேச செயலகத்தில் வெள்ள நிவாரணப் பட்டியலைத் தயாரிக்கும் உத்தியோகத்தர், ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் பதிவாகிவிடுவதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று சொன்னால், தரவுத்தளப் பாடம் ஒன்றை அதைவிடத் தெளிவாக எவரும் நடத்தமுடியாது. கைபேசி திருத்தும் கடைக்காரர், பால் சேகரிக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளர், கொழும்பு நிறுவனத்துக்குப் பரந்தனில் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே வேலை செய்யும் பிள்ளை, அறிவியல் நகரில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தோடு மல்லுக்கட்டும் மாணவன், இவர்களிடம் "வந்து உரையாற்றுங்கள்" என்று கேட்டால் மறுப்பார்கள். "போன மாதம் உங்களைக் கஷ்டப்படுத்தின ஒரு விஷயத்தை வந்து சொல்லுங்கோ" என்று கேட்டால் வருவார்கள். கேட்கும் விதத்தில் இவ்வளவு இருக்கிறது.

வெளியாரை அழைக்கவே கூடாதென்று சொல்ல வரவில்லை. அவர்கள் வரும் காலம் ஒன்று உண்டு, அதை நாம் அறிவோம். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆடி ஆவணி மாதங்களில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களுள் கணினித் துறையினர் கணிசமானோர்; அவர்கள் ஏ-9 வீதி வழியே நம் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். பெரிய மேடை வேண்டாம். பிள்ளைகள் எழுதிய நிரலை அவர்களோடு பக்கத்தில் அமர்ந்து இரண்டு மணிநேரம் வாசித்தாற் போதும். மற்ற மாதங்களில் காணொளி வழியாக அழைக்கலாம். கோடை காலத்தில் கிளிநொச்சியில் மாலை 6.30 என்றால் ரொறன்ரோவில் காலை 9 மணி, லண்டனில் பிற்பகல் 2 மணி. மூவர்க்கும் உகந்த வேளை. ஆனால் திரையில் வருகிறவர் பேச, அறையில் இருக்கிறவர்கள் மௌனமாயிருப்பது பழைய நோயின் புதிய வடிவமே. உள்ளூரவர் ஒருவர் தம் வேலையைக் காட்ட, வெளிநாட்டவர் அதனைத் திருத்துவதாக அமைத்தால் அந்நோய் அணுகாது.

இனி, பேசுபொருள். இதுவே முதற்கேள்வியாயிருக்கவேண்டியது என்று தொடக்கத்திற் சொன்னேன்.

ஒரு கணினி மொழியை மையமாக வைத்துச் சங்கம் அமைப்பது உலகில் மிகப் பரவலான முறை. 1997இல் நியூயோர்க்கில் பேர்ல் மொழிக்காகத் தொடங்கிய சங்கத்தைப் பின்பற்றி நகரந்தோறும் சங்கங்கள் எழுந்தன. அம்மொழியின் செல்வாக்குக் குன்றியபோது அவற்றுட் பல ஓசையின்றி ஒடுங்கின. பெருநகரங்களுக்கு அது பெரிய நஷ்டமன்று, அங்கே கூடினவர்கள் வேறு சங்கத்துக்குப் போய்விடுவார்கள். நமக்கோ ஒரு வட்டம் அழிந்தால் மறு வட்டம் எழப் பத்து ஆண்டு செல்லும். பரீட்சையை மையமாக வைப்பது இன்னொரு முறை. அதற்கு ரியூசன் வகுப்புகள் போதியளவு இருக்கின்றன, வட்டமும் அவற்றோடு போட்டியிடுவதில் பிரயோஜனமில்லை. தொழில்வாய்ப்பை மையமாக வைப்பதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். போருக்குப் பின் குடும்பப் பாரத்தைச் சுமக்கும் பிள்ளைகள் சம்பளத்தைப் பற்றி நினைப்பது நியாயமே. யாழ் ஐ.ரி. ஹப்பும் அதன் ஆதரவில் எழுந்த நிரலாக்கப் பள்ளியும் அத்துறையில் நன்றாகவே செய்து வருகின்றன. ஆயினும் வேலை கிடைத்தவர் கொழும்புக்குப் போய்விட, கிடைக்காதவர் மனம் சோர்ந்து நின்றுவிட, அந்த ஒரே நோக்கத்தால் கூடிய வட்டம் இருபக்கமும் தேய்கிறது.

எஞ்சியிருப்பது நான்காவது முறை: இடத்தின் பிரச்சினையை மையமாக வைப்பது. இது எங்கும் சொல்லப்படுவதுதான். ஆனால் எவ்வளவு சிறிய பிரச்சினையிலிருந்து தொடங்கலாம் என்பதைக் கண்ணெதிரே காட்டினாலன்றி நம்பிக்கை பிறவாது. ஆகவே ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் இன்றும் ஏராளமான தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்த பழைய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். இதனை ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். 'இந்த எழுத்துக்குப் பதில் அந்த எழுத்து' என்று ஓர் அட்டவணை எழுதினால் தீர்ந்தது என்றுதான் எவரும் முதலில் நினைப்பர். எழுதிப் பார்த்தால் தெரியும். பாமினியில் 'கொ' என்பதைக் கையால் எழுதுகிற வரிசையிலேயே தட்டுகிறோம்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியிலோ ககரம் முன்னே வரும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பின்னே வரும். எனவே நிரல் கொம்பைக் கண்டவுடன் மாற்றிவிடாமல், அடுத்த எழுத்தையும் அதற்கடுத்ததையும் பார்த்துப் பொறுத்திருக்கவேண்டும். அதைத் தீர்த்தபின் 'கௌரி' வந்து நிற்பாள். பாமினியில் அவள் பெயர் கொம்பு, ககரம், ளகரம், ரி. கெளிறு என்ற மீனின் பெயரும் கொம்பு, ககரம், ளகரம் என்றே தொடங்குகிறது. ஓரிடத்தில் ளகரம் ஔகாரக் குறியின் பாதி. மற்றோரிடத்தில் அது தனி எழுத்து. ளகரத்தை அடுத்து உயிர்க்குறி வருகிறதா என்று பார்த்தால் இந்த இரண்டையும் பிரிக்கலாம், வேறெங்கே இடறும் என்பதைச் சொற்பட்டியல் வைத்துச் சோதிக்கவேண்டும். நிபந்தனை, மடக்கு, அட்டவணை, சோதனை என்று பாடநூல் கூறும் அத்தனையும் இந்த ஒரு சிறு நிரலுக்குள் வந்துவிடுகின்றன. முடிவில் கிராம அலுவலர் ஒருவரின் பழைய கடிதக் கோவை வாசிக்கத்தக்கதாகிறது.

இதிலிருந்து அடுத்த கேள்வி தானே பிறக்கும். 'வன்னி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஆண்டு மூன்று பிள்ளையைக் கேட்டால் 3 என்னும். பைதனைக் கேட்டால் 5 என்னும். 'கிளிநொச்சி' பிள்ளைக்கு 5, கணினிக்கு 10. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் கணினி தனித்தனியே எண்ணுவதே காரணம். மதிலோரம் நின்ற அந்தப் பெண்ணின் அகரவரிசைச் சிக்கலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதற்கு ஏற்கெனவே வழி செய்தவர்கள் இருக்கிறார்கள்: தமிழிலேயே நிரல் எழுதத்தக்க 'எழில்' மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தன்னார்வலரும் 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல்தொகுதியைத் திறந்த மூலமாக வழங்கியிருக்கிறார்கள். அதை எடுத்துப் பயன்படுத்தி, அதில் ஒரு வழுவைக் கண்டு, திருத்தி அனுப்பினால், அமெரிக்காவிலும் சென்னையிலும் இருக்கும் நிரலாளர் முல்லைத்தீவுப் பிள்ளையின் வேலையை வாசிப்பார். அவ்வாறு அறிமுகமானவரைப் பேச அழைப்பது எவ்வளவு எளிது! பேசுபொருள் முன்னே சென்றால் பேச்சாளர் பின்னே வருகிறார்.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்று உண்டு. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடுவதை நெடுநாள் வழக்கமாகக் கொண்டிருந்தது. அத்தகைய கட்டற்ற மென்பொருட் சூழலில் உருவாகி 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் தமிழிலேயே கணினி நுட்பத்தை எழுதிக் குவித்திருக்கிறது. பெருநகரமல்லாத விழுப்புரத்தில், வயல் சூழ்ந்த ஒரு மாவட்டத் தலைநகரில், அங்குள்ள லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவருக்கு வாராவாரம் கற்பித்து வருவதை நான் விசேஷ மரியாதையோடு நோக்குகிறேன். நமக்கு ஒப்பு சென்னை அன்று, விழுப்புரமே.

இன்னொரு பொருள் நம் பிரதேசத்துக்கே உரியது: நீர். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய இரவுகளை இங்குள்ளவர் மறக்கவில்லை; எந்தக் குளம் எத்தனை அடி, எந்த வான்கதவு திறந்தது, எந்த வீதி மூடப்பட்டது என்பவை வாய்மொழியாகவே பரவின. குளங்களின் நாளாந்த நீர்மட்டத்தை ஒழுங்காகத் திரட்டித் தமிழில் காட்டும் ஒரு பக்கத்தை ஆக்குவது பத்துப் பேருடைய வட்டத்துக்கு ஓராண்டு வேலை. பெரிய காரியம் என்று மலைக்கவேண்டாம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிக்கொண்டு போன அந்த நாட்களில், கொழும்பில் தன்னார்வ நிரலாளர் சிலர் காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவதற்கென்று எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் 'சஹானா'. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். லங்கா மென்பொருள் மன்றத்தின் கீழ் வளர்ந்த அது, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதையும் பெற்றது. கண்முன் நின்ற துயரம் பேசுபொருளைத் தந்தது. அதற்கு வேண்டிய ஆட்களை அந்தப் பொருளே திரட்டியது. வவுனியா போன்ற மூவின மக்கள் வாழும் இடத்தில், நீரும் வெள்ளமும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் பொதுவாதலால், இத்தகைய பொருள் வட்டத்தின் வாசலையும் அகலத் திறக்கும்.

நாளும் இடமும் பற்றிச் சில சொற்கள். சனி ஞாயிறுகளை ரியூசனும் அறநெறி வகுப்பும் கொண்டுபோகின்றன. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிற போயா விடுமுறை, மாணவருக்கும் ஆசிரியருக்கும் அலுவலருக்கும் ஒருங்கே ஓய்வான நாள். பறுவந்தோறும் கூடுவது என்று வைத்தால் திகதியை எவருக்கும் நினைவூட்டவும் வேண்டியதில்லை. மூன்று மாவட்டத்தாரும் ஒரே ஊரில் கூடுவது சாத்தியமன்று; வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர், முல்லைத்தீவிலிருந்து 50. ஊருக்கொரு சிறு வட்டமாகச் சனசமூக நிலையத்தில் கூடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாங்குளத்தில் எல்லாரும் சந்திக்கலாம். எங்கே கூடினாலும் காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துவிடவேண்டும். புதுக்குடியிருப்புக்கும் துணுக்காய்க்கும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்பிள்ளை மறு கூட்டத்துக்கு அனுப்பப்படமாட்டாள். நம் வகுப்புகளில் அரைவாசியாயிருக்கும் அவர்களை இழந்த வட்டத்தை வட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மொழி தமிழாயிருக்கட்டும். 'மாறி', 'சார்பு' என்று பாடநூலிற் கற்றவரும், 'வேரியபிள்', 'பங்ஷன்' என்று வேலைத்தலத்திற் பழகியவரும் தத்தமக்கு வாய்த்த சொல்லாலேயே பேசட்டும். திருத்திக்கொண்டிருந்தால் வாய் மூடிப்போகும்.

வன்னியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. வரும் பறுவத்தன்று உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் திறப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆறு பேர் வந்தால் போதும், ஒரு மடிக்கணினி இருந்தால் போதும். முதற் கூட்டத்துக்குப் பேச்சாளர் எவரையும் தேடவேண்டாம்; பாமினியில் தட்டிய பழைய கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.